குருவிக்கூட்டு நிலம்

அப்பாவுக்குச் சீமெந்து குழைக்கத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். எதையும் முதலில் கடுதாசியில் கட்டி முடித்துவிட்டுத்தான் கையை அசைப்பார். எழுபத்தேழாம் ஆண்டு, பள்ளிக்கூடத்து ஓகஸ்ட் விடுமுறையோடு சேர்த்து அவர் லீவில் வந்து இறங்கியபோது, பெட்டிக்குள் பிஸ்கட் பேணிக்கு அடியில் ஒரு படம் இருந்தது. எட்டடி நீளம், ஆறடி அகலம், ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரம். நான்கு பக்கமும் கம்பிவலை. மூலையில் சிறிய கதவு. கதவின் கொளுக்கி எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதற்குக்கூட அம்புக்குறி போட்டிருந்தார். கூட்டுக்குள் எட்டுக் குருவிகளையும் வரைந்திருந்தார். ஒன்றுகூடக் குருவியைப் போல இல்லை, ஆனால் எட்டும் ஒரே அளவு.

அவை எனக்கு வரவேண்டிய லவ்பேட்ஸ். எனக்கு அப்போது ஒன்பது வயது. முந்திய வருடம் நான் மூன்று வெள்ளைப் புறாக்கள் வளர்த்தேன். மண் தரையில் வைத்த மரப்பெட்டிதான் அவற்றின் கூடு. ஒருநாள் விடிந்து போய்ப் பார்த்தபோது பெட்டிக்குள் இறகுகள்தான் கிடந்தன. பெட்டிக்குக் கீழே என் கை போகும் அளவுக்கு ஒரு பொந்து. அகழான் என்று நாங்கள் சொல்லும் பெருச்சாளி நிலத்தைக் குடைந்துகொண்டு வந்திருந்தது. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா அதைக் கொழும்புக்கு எழுத, அப்பா பதில் போட்டார்: அடுத்த லீவில் வந்து முதலில் கொங்கிறீற்று நிலம் போடுவோம், அதற்கடுத்த லீவில் குருவி கொண்டுவருவேன், அகழான் வந்தால் பல்லுடைந்து போகும். அந்தக் கடிதத்தை நான் கணக்குக் கொப்பிக்குள் வைத்து, மடிப்புக் கிழியும்வரை வாசித்தேன்.

எங்கள் வீடு அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போகும் தெருவில் பிரிகிற ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. பக்கத்து வளவு அப்பாவின் தமையனார், என்னுடைய பெரியப்பாவுடையது. இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. வேலியின் பின்மூலையில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய வழி ஒன்று இருந்தது. பொட்டு என்போம். சுண்டிய பாலும், சுட்ட பனங்கிழங்கும், கோபமும், கதையும் அதற்குள்ளால்தான் போய்வரும். பெரியம்மாவின் குசினிக்கு நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது போவேன். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் என்னோடு அதிகம் கதைப்பதுமில்லை. தோட்டத்தால் வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வரும் விளாம்பழத்தை என் தலையில் மெல்லத் தட்டி உடைப்பதுபோலப் பாவனை செய்துவிட்டுத் தருவார். எங்களுக்குள் இருந்த கொண்டாட்டம் அவ்வளவுதான்.

அந்தப் பின்மூலையில்தான், வேப்ப மரத்து நிழலில், அப்பா இடம் குறித்தார். நாள் பார்த்துச் செய்யலாமே என்று அம்மா சொன்னா. அப்பா கேட்கவில்லை.

"குருவிக்கு என்ன நட்சத்திரமெண்டு சாத்திரியார் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவர் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போன நேரம் அம்மா ஒரு மஞ்சள் துண்டைக் கிழக்கு மூலையில் விரலால் அமுக்கிப் புதைத்தா. நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, வாயில் விரல் வைத்துக் காட்டினா.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. மேசனைக் கூப்பிடுவது அப்பாவின் படத்தில் இல்லை. சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு என்று கடுதாசியைப் பார்த்துப் பார்த்து, பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தால் அளந்து போட்டார். மணலில் உப்பு இருக்கக்கூடாது என்று அதை அரிசி களைவதுபோல மூன்று தண்ணீரில் கழுவினார். குழைத்துக் கொட்டி, பலகையால் தட்டி மட்டம் பார்த்து, மத்தியானம் ஆகும்போது முழங்கால்வரை சாம்பல் நிறத்தில் நின்றார். நிலம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. அதை ஒத்துக்கொள்ள அம்மாவுக்குச் சற்று நேரம் எடுத்தது.

பிழை வேறு இடத்தில் நடந்திருந்தது. அப்பாவின் படத்தில் நேர்கோடு என்றால் நேர்கோடு. எங்கள் ஊர் வேலிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவை நடக்கும். ஒரு வருடம் இவர் கிடுகு மாற்றி அடைக்கும்போது அங்கே ஒரு விரற்கடை நகரும், அடுத்த வருடம் அவர் அடைக்கும்போது திரும்பி வரும். இதை எல்லோரும் கண்டும் காணாததுபோல இருந்துவிடுவார்கள். அப்பா பலகையை நேராக வைத்தபோது வேலிக் கதியால்கள் இரண்டு, கம்பாக நட்டு வேரோடித் தளிர்த்து நின்றவை, கோட்டுக்குள் வந்தன. அவர் அவற்றைப் பிடுங்கிவிட்டுக் கோட்டை நேராக்கினார். நிலத்தின் ஒரு பக்கம் வேலிக்கு அங்கால் ஒரு சாண் போய்விட்டது.

பெரியப்பா தோட்டத்தால் வந்து பொட்டடியில் நின்றார்.

"ஆரைக் கேட்டுக் கதியாலைப் பிடுங்கினனீ?"

"கோணலாய் நிண்டது அண்ணை. ஒரு சாண்தானே."

"ஒரு சாணோ? அது எங்கடை ஐயா நட்ட கதியால். கந்தோரிலை கோடு கீறுறமாதிரிக் காணியிலையும் கீறலாமெண்டு நினைச்சியோ?"

அந்த ஒரு சாணுக்குள் ஒரு காகம்கூடச் செட்டை விரித்து நிற்க முடியாது. ஆனால் அதற்குள் முப்பது வருடத்துக் கதை எல்லாம் வந்து நின்றுகொண்டது. ஆர் படித்தது, ஆர் தோட்டத்தில் நின்று படிப்பித்தது, ஆர் கடைசி நேரத்தில் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா சத்தம் போட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"நீ கொழும்புக்குப் போ. போனாப்போலை அலவாங்கைப் போட்டு உதைக் கிளப்பி எறியிறன்!"

"கிளப்பிப் பாருங்கோ" என்றார் அப்பா. 

அன்று பின்னேரமே பெரியப்பா பொட்டைக் கிடுகு வைத்து அடைத்தார். அதற்குமேல் கயிறு கட்டினார், முள்ளும் வைத்தார். நான் அந்தப் பக்கம் போகவேண்டுமென்றால் இனி ஒழுங்கையால் சுற்றித்தான் போகவேண்டும். போகக்கூடாது என்று அம்மா சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அப்பா நிலத்தைச் சுற்றி வெங்காயப் பாத்திக்குக் கட்டுவதுபோல நாலு விரல் உயரத்துக்குக் களிமண் வரம்பு கட்டினார். உள்ளே தண்ணீர் விட்டு நிரப்பினார். பிறகு என்னை முன்னால் நிறுத்திவைத்து, ஒரு புதுக் கொப்பியில் ஏழு கட்டங்கள் கீறினார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று சிறு கட்டங்கள். அடியில் 'பொறுப்பு' என்று எழுதி என் முழுப் பெயரையும் எழுதி, தன் கையெழுத்தையும் வைத்தார்.

"ஏழு நாளும் தண்ணி நிக்கவேணும். காயவிடப்படாது. காஞ்சால் வெடிக்கும், வெடிச்சால் எல்லாம் துலைஞ்சுது. விளங்குதோ?"

"ஓம் அப்பா."

அன்று பின்னேரம் அவர் கொழும்பு மெயில் வண்டிக்குப் போனார். ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது பெரியப்பா வீட்டுப் படலையை ஒரு தடவை பார்த்தார். அது சாத்தியிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை கெட்டது. ஓகஸ்டில் எங்கள் கிணற்றில் அடிக் கல் தெரியும். சோளகக் காற்று ஒருபக்கம், வெயில் ஒருபக்கம் நின்று தண்ணீரை உறிஞ்சும். வாளி நிறைய இழுக்க எனக்குப் பலம் போதாது, அரைவாளி அரைவாளியாகக் கப்பியில் இழுத்துக் கொண்டுபோய் ஊற்றுவேன். ஊற்றிவிட்டுத் திரும்பினால் குறைந்துவிட்டதுபோல இருக்கும். கோழி வந்து வரம்பைக் கிளறும். நாலு வயதுத் தம்பி அதற்குள் இறங்கி நின்று கூத்தாடுவான். இவற்றுக்குமேல் பெரியப்பாவின் அலவாங்கு, கல்லைக் கிளப்பும் கனத்த கடப்பாரை. அவர் வீட்டுக் கிணற்றுக் கட்டில் அது சாத்தி இருப்பது கிடுகு இடுக்கால் தெரியும். காலையில் எழும்பியதும் முதலில் அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகுதான் முகம் கழுவுவேன்.

புதன்கிழமை அம்மா வானொலிக்குப் பக்கத்தில் போய் இருந்தா. வியாழக்கிழமையும் அங்கேதான் இருந்தா. ஒழுங்கையில் போகிறவர்கள் எல்லாம் படலைக்குள் தலையை நீட்டி, "செய்தி ஏதும் வந்ததோ?" என்று கேட்டார்கள். கொழும்பில் குழப்பம் என்றார்கள். தமிழ்ச் சனம் கப்பலில் வருகுதாம் என்றார்கள். நான் வந்தால் கதையை நிறுத்தினார்கள். குழப்பம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எங்கள் வகுப்பில் ரீச்சர் இல்லாத நேரம் நடப்பது. அதற்கு ஏன் அம்மா சமைக்காமல் இருக்கவேண்டும் என்று விளங்கவில்லை. இரண்டு நேரமும் பாணும் சம்பலும் தின்றோம். தம்பிக்கு அது பெரிய சந்தோஷம்.

வியாழன் மத்தியானம் நிலத்தில் ஒரு வெடிப்பைக் கண்டேன். தண்ணீருக்கு அடியில், கிழக்கு மூலையிலிருந்து நடுவரை, கறுப்பாக, மெல்லியதாக நீண்டு கிடந்தது.  எல்லாம் துலைஞ்சுது என்று அப்பா சொன்ன 'எல்லாம்' அந்தக் கோட்டுக்குள்ளால் போய்க்கொண்டிருப்பதாகவே நினைத்தேன். கைவிட்டுத் தடவியபோது அது விரலோடு வந்துவிட்டது. அம்மாவின் நீளத் தலைமயிர். காலையில் அம்மா தலை இழுக்காமல், கொண்டை முடியாமல், அந்த வரம்பில் வந்து குந்தி இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு நிலத்தில் என்ன வேலை என்று நான் யோசிக்கவில்லை. வெடிப்பு இல்லை என்ற சந்தோஷத்தில் இன்னும் ஐந்து அரைவாளி கொண்டுவந்து ஊற்றினேன்.

இதற்கிடையில் பெரியப்பா ஒரு நாளைக்கு இரண்டு தடவை சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சுவேலிப் பக்கம் போய்வரத் தொடங்கியிருந்தார். தோட்டம் காய்ந்து கிடக்க, அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். ஒருதடவை ஒழுங்கையில் என்னைக் கண்டு சைக்கிளால் இறங்கினார்.

"பிள்ளை, கொப்பரிட்டை இருந்து தந்தி ஏதும் வந்ததோ?"

"இல்லை" என்றேன்.

"எங்கை போறியள் பெரியப்பா?" என்று கேட்டேன். 

"தபால் கந்தோருக்கு" என்றுவிட்டு ஏறிப் போனார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டிசம் போடுகிறார். எங்கள் ஊரில் கோபம் வந்தவர்கள் செய்வது அதுதான். யாரோ ஒரு பெரியவருக்கு, வெள்ளைக் கடுதாசியில், கீழே தங்கள் பெயரைப் போடாமல் எழுதி அனுப்புவார்கள். அப்பா ஊரில் இல்லையா என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் போகிறார். பெட்டிசத்துக்கு மறுமொழி வந்ததும் அலவாங்கைத் தூக்குவார். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அம்மாவிடம் போனேன். அம்மா வானொலியின் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இருந்தா. நான் திரும்பிக் கிணற்றடிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை விடிய அம்மா முழுகிவிட்டு வந்து சந்நிதிக்குப் போகிறோம் என்றா. தொண்டைமானாற்று முருகனுக்கு நேர்த்தி. வெறுங்காலோடு நடந்து போய், மத்தியானப் பூசை கண்டு, அன்னதானத்தில் சாப்பிட்டு, பின்னேரம்தான் திரும்புவோம். நான் கொப்பியைப் பார்த்தேன். ஐந்தாம் நாள். காலைத் தண்ணீர் ஊற்றலாம், மத்தியானம் யார் ஊற்றுவது? அலவாங்கை யார் பார்ப்பது?

"நான் நிக்கிறன் அம்மா. நிலம் காஞ்சுபோடும்."

அம்மா எனக்கு அடித்தா. அதற்குமுன் அம்மா எனக்கு அடித்ததே இல்லை.

"கொப்பா எங்கை எண்டு தெரியாமல் நான் நிக்கிறன், உனக்கு நிலமோ!"

அப்பா எங்கே என்று தெரியவில்லை என்பதை ஒருவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடித்த கன்னம் நோகவில்லை. அடித்துவிட்டு அம்மாவே விறைத்துப்போய் நின்றா. பிறகு என்னை இழுத்து முகத்தைத் துடைத்துவிட்டா. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டா, நடந்தோம். தெரு சுட்டது. 

சந்நிதியில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்கள். மந்திரச் சத்தமே கேட்காது. சனம் நெருங்கி நின்றது. அவ்வளவு சனத்திலும் நிறையப் பெண்கள் அம்மாவைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு அழுதார்கள். எனக்கு ஒரு பெரிய இக்கட்டு. அப்பாவுக்காகக் கும்பிடுவதா, நிலத்துக்காகக் கும்பிடுவதா? இரண்டையும் கேட்டால் முருகன் கோபிக்கக்கூடும் என்று பயந்தேன். அப்பாவுக்காக அம்மா கும்பிடுகிறா, பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் கும்பிடுகிறார்கள். நிலத்துக்கு யாரும் இல்லை. அதோடு பொறுப்பு என்று என் பெயர்தான் எழுதியிருக்கிறது. நான் நிலத்துக்காகக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு, அப்பாவைக் கைவிட்டுவிட்டேன் என்று அழுகை வந்தது. அம்மா என்னைப் பார்த்துவிட்டு, நானும் அப்பாவுக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, தலையைத் தடவினா.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். படலை திறந்ததும் நான் செருப்பில்லாத காலோடு பின்வளவுக்கு ஓடினேன். ஓடும்போதே காய்ந்து வெளுத்து, நடுவில் பிளந்து, மூலை கிளம்பிக் கிடக்கும் நிலத்தைக் கண்டுகொண்டுதான் ஓடினேன்.

நிலத்தில் தண்ணீர் நின்றது. வரம்பு விளிம்புவரை நின்றது. நான் ஒருநாளும் அவ்வளவுக்கு நிரப்பியதில்லை. கோழி கிளறிய இடத்தில் வரம்பு புதுக் களிமண்ணால் பூசப்பட்டிருந்தது. வேப்பிலை ஒன்றிரண்டு அதில் மிதந்தது.

முருகன் வந்திருக்கிறார். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகுதான் பொட்டைக் கண்டேன். பெரியப்பா அடைத்த கிடுகு விலகிக் கிடந்தது. முள்ளைத் தூக்கி ஒருபக்கம் வைத்திருந்தது. கயிறு அறுத்திருந்தது.

ஆக, நாங்கள் இல்லாத நேரம் பார்த்து அலவாங்கோடு வந்திருக்கிறார். நிலத்தில் நின்ற முருகனைக் கண்டு பயந்து ஓடியிருக்கிறார். ஓடின அவசரத்தில் பொட்டை அடைக்க மறந்துவிட்டார். இவ்வளவும் எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. முருகன் நாளைக்கும் வருவார் என்று நிச்சயம் இல்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில், கம்பிவலை கட்டுவதற்கென்று அப்பா வாங்கிவைத்த கட்டுக்கம்பி ஒரு சுருள் இருந்தது. அதை யாரும் தொடக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. நான் எடுத்தேன். கிடுகை நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கக் கதியாலோடும் சேர்த்து, மேலிருந்து கீழாக ஏழு இடத்தில் கம்பியைச் சுற்றி முறுக்கினேன். குறடு இல்லை, விரலால்தான் முறுக்கினேன். பிறகு முள்ளை எடுத்து எங்கள் பக்கத்தில் இருந்து செருகினேன். விரல்களில் தோல் கிழிந்து இரத்தம் வந்தது. நோவைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்க, வேலிக்கு அந்தப் பக்கம் நடமாட்டம் கேட்டது. கிடுகுக்குக் கீழே பெரியப்பாவின் பாதங்கள் தெரிந்தன. நான் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். கம்பியை ஒரு கை தொட்டு அசைத்தது. கம்பி அசையவில்லை. பாதங்கள் வெகுநேரம் அப்படியே நின்றன. பிறகு அந்தப் பக்கம் தண்ணீரை மண்ணில் கொட்டும் சத்தம் கேட்டது. கால் கழுவுகிறார் என்று நினைத்தேன். வென்றுவிட்டேன் என்றும் நினைத்தேன்.

அப்பா வந்தது அதற்கு ஒரு கிழமைக்குப் பிறகு. காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கி, யாரோ ஏற்றிவந்த லொறியில் அச்சுவேலிவரை வந்து, மிச்சத்தை நடந்து வந்தார். அவருடையது அல்லாத ஒரு சாரமும், கை நீண்ட ஒரு சேட்டும் போட்டிருந்தார். பெட்டி இல்லை. அம்மா வாசலில் இருந்துவிட்டா, எழும்ப முடியவில்லை. ஊர்ச் சனம் வந்தது. பெரியம்மா ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் முகத்தைத் தடவித் தடவி அழுதா. அப்பா எல்லோருக்கும் பின்னால் யாரையோ தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொழுதுபட்டு, வந்தவர்கள் போனபிறகு அம்மாவிடம் கேட்டார்:

"அண்ணை வரேல்லையோ?"

அம்மா இல்லை என்று தலையாட்டினா.

மறுநாள் காலை நான் அவரைக் கையில் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நிலம் வெளுத்து, கல்லுப்போல இறுகி, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. அப்பா பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஏழு நாளும் சரி போட்டிருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானத்துக் கட்டத்தில் மட்டும் நான் ஒரு வேல் கீறியிருந்தேன்.

"இதென்ன பிள்ளை?"

"அண்டைக்கு முருகன் வந்து தண்ணி வாத்தவர்."

அப்பா சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர் பொட்டைக் கண்டார். கிட்டப் போனார். கம்பி முறுக்கு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்.

லவ்பேட்ஸ் வரவில்லை. அப்பா பிறகு கொழும்புக்கே போகவில்லை, மாற்றம் எடுத்துக்கொண்டு ஊரோடு இருந்துவிட்டார். குருவி எங்கே என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அந்த நிலத்தில் அம்மா மிளகாய் காயப்போட்டா. அப்பாவும் பெரியப்பாவும் அதன்பிறகு கதைக்கவில்லை. வருடாவருடம் வேலி அடைத்தார்கள். ஒரு வருடம் இவர், ஒரு வருடம் அவர். கிடுகு மாறியது, கதியால் மாறியது. அந்தக் கம்பியை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. இவர் அது அவர் கட்டியது என்று விட்டார், அவர் அது இவர் வீட்டில் கட்டியது என்று விட்டார்.

நாலு வருடம் கழித்துப் பெரியப்பா செத்துப்போனார். அப்பா ஒழுங்கையால் சுற்றிப் போய்க் கொள்ளி வைத்தார். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவன்று குசினிக்குள் பலகாரத் தட்டுக்களை அடுக்கிக்கொண்டு நின்ற என்னிடம் பெரியம்மா சொன்னா. யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை அது.

"மனுசன் அந்தக் கிழமை முழுக்கத் தந்தி வருமெண்டு தபால் கந்தோர் வாசல்லை நிண்டது மோனை. நீங்கள் சந்நிதிக்குப் போனாப்போலை, தன்ரை தம்பியன் வந்து பாக்கேக்கை நிலம் வெடிச்சுக் கிடக்கப்படாதெண்டு, தான் அடைச்ச பொட்டைத் தானே பிரிச்சுக்கொண்டு போய்த் தண்ணி வாத்தது. அடுத்த நாளும் ரண்டு வாளியோடை போனால், பொட்டு கம்பியாலை கட்டிக் கிடக்காம். கொம்மாவுக்கு என்ரை தண்ணியும் வேண்டாமாம் எண்டு சொல்லிப்போட்டு வந்து படுத்தவர்தான்."

என் கையில் இருந்த தட்டை நான் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்று தெரியாது. 'அது நான், பெரியம்மா' என்று சொல்ல வாய் திறந்தேன். வெளியே அப்பாவின் குரல் கேட்டது, சபையில் இருந்து யாருக்கோ வெற்றிலைத் தட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் மூடிவிட்டது. அப்பா இருந்தவரைக்கும் அது திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கப்பலால் வந்த மறுநாள் காலை, அந்தப் பொட்டடியில், அப்பா ஏழாவது முறுக்கையும் தொட்டுப் பார்த்துவிட்டு வேலியைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "இந்த நேரத்திலையுமோ அண்ணை?" பெரியப்பா அலவாங்கோடு வந்த விஷயம் அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். தொடக்கூடாத கம்பியை எடுத்ததற்கு ஏச்சு விழுமே என்று, கிழிந்து காய்ந்திருந்த விரல்களைச் சட்டைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் நல்ல சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தேன்.